பாத்திரம் வெறுமனே போகாது

பின்னேரம் மூன்று மணிக்கு ஜப்பான் மொழி படிப்பது அரைத்தூக்கத்தில் நடக்கிற காரியம். வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், தையற்கடைக்கு மேலே எங்கள் வகுப்பு இருந்தது. சனியும் ஞாயிறும். கீழே தையல் மெசின் ஓடும். மேலே ஃபேன் முனகும். யன்னலால் உப்புக்காற்று வந்து கொப்பித் தாள்களை நமுத்துப்போக வைக்கும். கடற்கரை ரயில் போகும்போது எங்கள் ஆசிரியை, சென்செய், பேச்சை நிறுத்திக்கொண்டு நிற்பார். ரயில் போனதும் விட்ட சொல்லிலிருந்து தொடங்குவார். ஜப்பானியச் சொற்கள் இன்றைக்கும் எனக்கு அந்த ரயிலோடும் கொட்டாவியோடும்தான் ஞாபகம் வருகின்றன. அவற்றுக்கு நடுவே அக்காவும் வருகிறார்.

எல்லோருக்குமே அவர் அக்காதான். சிங்களத்திலும் அக்கா அக்காதான் என்பதால் வகுப்பிலிருந்த சிங்களப் பிள்ளைகளுக்கும் சிரமம் இருக்கவில்லை. அவர்கள் இருபது வயதுக்காரர். ஜப்பானில் முதியோர் இல்லங்களில் வேலைக்குப் போகப் படித்தார்கள். அக்காவும் அதற்குத்தான் படித்தார், ஆனால் வயது முப்பத்தெட்டு. நான் எங்கேயும் போகிற ஆளில்லை. ஜப்பான் வாகனங்களுக்கு உதிரிப்பாகம் இறக்குமதி செய்கிற கந்தோர் ஒன்றில் வேலை. அங்கிருந்து வரும் ஈமெயில்களைப் பார்த்து முழிக்காமல் இருக்க என்னை அனுப்பியிருந்தார்கள். ஆகவே எனக்குக் கனவு காண நிறைய நேரம் இருந்தது. அக்காவைப் பார்த்துக்கொண்டிருக்கவும்தான்.

அவருடைய பழுப்பு நிறக் கைப்பையின் முன்பக்கத்து உறையில் எப்போதும் டொபி இருக்கும். இனிப்பு ஆசையால் இல்லை. யாராவது பேனை இரவல் கொடுத்தால் திருப்பிக் கொடுக்கும்போது பேனையோடு ஒரு டொபி. யாராவது கதிரையை இழுத்துப் போட்டால் ஒரு டொபி. மழைக்குக் குடைக்குள் கூட்டிக்கொண்டு போனால், காலி வீதி வந்ததும் இரண்டு டொபி. வகுப்பில் சிலர் டொபிக்காகவே அவருக்குக் கதவைத் திறந்துவிட்டார்கள் என்று எனக்குச் சந்தேகம்.

ஒருநாள் சென்செய் வாங்குவது பற்றிப் பாடம் எடுத்தார். சென்செய் ஒரு சின்ன உருவச் சிங்களப் பெண். பல வருடம் ஜப்பானில் இருந்துவிட்டுத் திரும்பியவர். நமக்கு 'வாங்கிறது' என்ற ஒன்றே போதும். சம்பளமும் வாங்குகிறோம், அடியும் வாங்குகிறோம், கடையில் மாவும் வாங்குகிறோம். ஜப்பான்காரருக்கு அது போதாதாம். ஒருவர் தாமாக எனக்கு ஒன்றைத் தந்தால் குரெரு. அந்த வாக்கியத்தில் தந்தவர்தான் முன்னால் நிற்பார். அதையே என் பக்கத்தில் நின்று, அவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது என்று சொன்னால் மொராவு. அதற்குள் ஒரு சந்தோசம் இருக்கும். தந்தவர் மதிப்புக்குரியவர் என்றால் இததாக்கு. கிடைத்ததைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்த பழைய வழக்கத்திலிருந்து வந்த சொல் அது. சாப்பாட்டுக்கு முன் கைகூப்பிச் சொல்வதும் அதுவே. கடைசியாக உக்கெத்தொரு. கூரியர்காரன் பார்சல் கொண்டுவந்தால், தபால்காரன் கடிதம் கொண்டுவந்தால். கையில் வந்து சேர்ந்தது, அவ்வளவுதான். யாருடைய தயவும் அதில் இல்லை.

நான் அப்போது மின்விசிறியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அக்கா முதல்முறையாகக் கையை உயர்த்தினார்.

"சென்செய், எல்லாத்துக்கும் அந்தக் கடைசிச் சொல்லையே பாவிக்க ஏலாதா?" என்று சிங்களத்தில் கேட்டார்.

"அம்மா உங்களுக்குச் சட்டை தைத்துத் தந்தால், பார்சல் வந்தது மாதிரியா சொல்லுவீர்கள்?" என்றார் சென்செய்.

அக்கா பேனையை எடுத்தார். உக்கெத்தொருவைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதி இரண்டு கோடு போட்டார். பிறகு நடித்துக் காட்ட வேண்டிய பயிற்சி வந்தது. நான் ஒரு கடதாசிப் பெட்டியை இரண்டு கையாலும் அக்காவிடம் நீட்டினேன். அவர் வாங்கி, குனிந்து, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் கைப்பையைத் திறந்து எனக்கொரு டொபி தந்தார். வகுப்பு சிரித்தது. திரும்பச் செய்யச் சொன்னார் சென்செய். இரண்டாவது டொபியும் எனக்கே வந்தது.

அவருடைய வேலையும் வாங்குகிற வேலைதான். கொட்டாஞ்சேனையில் ஒரு சுப்பர்மார்க்கெட்டின் பின்வாசலில் நிற்பார். லொறிகளில் வரும் மரக்கறி, முட்டை, பிஸ்கட் பெட்டிகளைத் திறந்து பார்த்து, எண்ணி, ரப்பர் முத்திரை குத்தி உள்ளே அனுப்ப வேண்டும். ஒருமுறை தவறவிட்ட பாடக் குறிப்புகளைக் கொடுக்க அங்கே போனேன். வத்தளைப் பக்கத்து லொறிக்கார இளைஞன் ஒருவன் கையில் ஒரு மாம்பழத்தோடு அவர் முன் நின்றான்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணுதான். வீட்டு மரத்துப் பழம்."

"தம்பி, பெட்டிய இறக்கு. பழத்தக் கொண்டுபோய் லொறியில வை."

"அம்மா குடுத்துவிட்டாங்க அக்கா."

"அம்மாவுக்கு என்ட சலாம் சொல்லு. பழத்த லொறியில வை."

அவன் முகம் சுருங்கிப் போனது. அவன் போன பிறகு அக்கா எனக்கு விளக்கம் சொன்னார். "இன்னைக்கு மாம்பழத்த வாங்கினா நாளைக்கு அழுகின தக்காளிக்கும் கையெழுத்து வைக்கணும் தங்கச்சி. கை ஒருக்கா இனிச்சா பிறகு எழும்பாது." சொன்னது நியாயம்தான். ஆனால் அந்தப் பழத்தின் வாசம் லொறி திரும்பும் வரைக்கும் பின்வாசலில் இருந்தது. அக்கா அதை மூச்சிழுத்து மணந்ததை நான் கண்டேன்.

எங்கள் வீட்டுக்கும் அவருக்கும் போக்குவரத்துத் தொடங்கியது ஒரு பாத்திரத்தால். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில் பிளாட்டில் என்னோடு இருக்கும் அம்மாவுக்கு, நான் எங்கே போனாலும் ஏதாவது கட்டிக் கொடுக்க வேண்டும். வகுப்புக்குப் பால்ரொட்டி கொடுத்துவிட்டார். மூடியுள்ள சில்வர் பாத்திரம், அடியில் அப்பாவின் பெயர் புள்ளி புள்ளியாக வெட்டியிருக்கும். அக்கா இரண்டு பால்ரொட்டி சாப்பிட்டார். பாத்திரத்தைத் தானே கழுவித் தருவதாகச் சொல்லிப் பிடுங்கிக்கொண்டு போனார். அடுத்த கிழமை அது கேக் துண்டுகளோடு திரும்பியது.

அம்மாவுக்கு வந்த சந்தோசத்தைச் சொல்லி முடியாது. கொழும்பில் பாத்திரங்கள் வெறுமனே திரும்பி வருகின்றன என்பது அவருடைய நெடுநாள் குறை. ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு பிடி சீனியாவது போட்டு அனுப்ப வேண்டும் என்பது அவருடைய சட்டம். அந்தச் சட்டத்துக்கு ஒரேயொரு விலக்கு இருந்தது. யாழ்ப்பாணத்தில் அடுத்த வளவில் இருந்த அவருடைய தங்கச்சி வீட்டுக்கு மட்டும் பாத்திரம் வெறுமனே போகும், வெறுமனே வரும். "கூடப்பிறந்தவளுக்கு ஆர் சீனி போட்டு அனுப்பிறது?" என்பார்.

நான் இதை அக்காவிடம் சொன்னேன். "உங்கட அம்மா நல்ல ஆள்" என்றார்.

பிறகு ஒன்றரை வருடம் அந்தப் பாத்திரம் கொட்டாஞ்சேனை வழியாகப் போகும் மட்டக்குளி பஸ்ஸில் போய் வந்தது. சுமந்தது நான். அம்மா சுசியம் அனுப்புவார், அக்கா கட்லட் அனுப்புவார். ஒரு வெள்ளிக்கிழமை அம்மா விரதமிருக்கும்போது மீன் கட்லட் வந்து இறங்கியது. அம்மா மூடியைத் திறந்து, மூக்கைச் சுளித்து, பாத்திரத்தைத் திருப்பிப் பார்த்தார். "விரத நாளில மீனை அனுப்பியிருக்கிறா. ஆனாப் பாத்திரத்தை என்ன வடிவா மினுக்கியிருக்கிறா, பார்" என்று எனக்குக் காட்டினார். சமையல் காஸுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற நாட்களில்கூட அது வெறுமனே வரவில்லை. ஒருமுறை ஒரேயொரு தேசிக்காய் வந்தது. ஒருமுறை ஒரு கொத்துக் கறிவேப்பிலை. அம்மா அந்தத் தேசிக்காயைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டிருந்தார்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்ததில்லை. பாத்திரத்தின் உள்பக்கத்தால் மட்டும் தெரியும்.

எனக்கு அக்காமேல் கோபம் வந்த நாளும் உண்டு. என் முதல் சம்பள உயர்வுக்கு நான் அவருக்கு ஒரு பேனை வாங்கினேன். நீல மை, கொஞ்சம் விலைகூடினது. பார்த்துப் பார்த்து வாங்கியது. அவர் உறையைப் பிரித்து, "நல்லா இருக்கு தங்கச்சி" என்று சொல்லி, அதே நிமிடத்தில் கைப்பையிலிருந்து உறை பிரிக்காத சந்தனச் சவர்க்காரம் ஒன்றை எடுத்து என் மடியில் வைத்தார். அதை அவர் யாருக்காகவோ, எதற்காகவோ தயாராக வைத்திருந்திருக்கிறார். என் பேனையைப் பின்வாசலிலேயே நிறுத்தி, எண்ணி, முத்திரை குத்தித் திருப்பி அனுப்பியது போல் இருந்தது. இரண்டு கிழமை நான் அவருக்குப் பக்கத்தில் இருக்கவில்லை. அவருக்கு ஏன் என்று விளங்கவுமில்லை.

சமாதானமானது கடற்கரையில். வகுப்பு முடிந்து ரயில் பாதையைத் தாண்டிக் கல்லில் போய் இருந்தோம். வெயில் தண்ணீரில் உடைந்து உடைந்து மிதந்தது. ரயில் பாதையோரம் ஒருவன் பட்டம் விட்டுக்கொண்டு நின்றான். அக்கா செருப்பைக் கழற்றிக் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு, நான் கேட்காமலே சொன்னார்.

"சின்ன வயசுல எங்கட லேன் பிள்ளைகளுக்கு கிறிஸ்மஸுக்கு உடுப்புக் குடுப்பாங்க. ஸ்டேஜில ஏறி வாங்கணும். மைக்கில பேர் சொல்லுவாங்க. வாங்கிட்டு ஆக்கள் பக்கம் திரும்பித் தேங்க்யூ சொல்லணும். ஒருக்கா நான் சொல்ல மறந்து இறங்கிட்டேன். திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வச்சாங்க. எல்லாரும் கை தட்டினாங்க."

"பிறகு?"

"பிறகென்ன? அது நல்ல சட்டை தங்கச்சி. நீலம். சரியான அளவு. அதுதான் கோவம்."

நான் டொபி கேட்டேன். எதற்கும் பதிலாக இல்லாமல், சும்மா. அவர் கொஞ்சம் தடுமாறிவிட்டு எடுத்துத் தந்தார்.

ஒரு ஞாயிறு காலை கொட்டாஞ்சேனையில் அவரோடு கத்தோலிக்கக் கோயிலுக்குப் போனேன். நான் சைவம், பின்வரிசையில் நின்றேன். பூசையில் நன்மை அப்பம் வாங்குகிற வரிசையில் அக்காவும் போனார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக நீட்டி, வாங்கி, வாயில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டு திரும்பி வந்தார். டொபி இல்லை, கேக் இல்லை. வெளியே வந்ததும் விடாமல் பிடித்துக்கொண்டேன்.

"அங்க மட்டும் ஒண்டும் திருப்பிக் குடுக்கேல்லையே அக்கா?"

"உள்ள வரக்குள்ளயே மெழுகுதிரி வச்சிட்டன். நீ காணேல்ல" என்றார் அக்கா.

முதல் இன்டர்வியூ ஒரு புதன்கிழமை வகுப்பறையிலேயே நடந்தது. லீவு போட்டுவிட்டு நானும் போய் மூலையில் இருந்தேன். ஜப்பானில் ஒரு முதியோர் இல்லத்தை நடத்தும் வயதானவர் திரையில் வந்தார். வெள்ளைத் தலை, மெதுவான பேச்சு. எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். இதுவரை யாரிடமிருந்தாவது உதவி பெற்றிருக்கிறீர்களா, ஒன்றைச் சொல்லுங்கள். பிள்ளைகள் அம்மா என்றார்கள், அப்பா என்றார்கள், சென்செய் என்றார்கள். அக்கா நிமிர்ந்து இருந்து, பிழையில்லாத ஜப்பான் மொழியில், "நான் பெற்ற எல்லாவற்றையும் திருப்பிக் கொடுத்துவிட்டேன். மிச்சம் ஒன்றும் இல்லை" என்றார். தன் வாழ்க்கையிலேயே பெருமைப்படக்கூடியது அதுதான் என்பது அவருடைய குரலில் இருந்தது. அந்த மனிதர் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். நன்றி சொன்னார். தெரிவானவர்களில் அக்கா இல்லை.

சென்செய்தான் அவரைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். நானும் நின்றேன். "உங்கள் வேலையில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் படுக்கையில் கிடக்கிற ஒரு வயதான மனுசிக்கு நாள் முழுக்கப் பிறர் கையால்தான் எல்லாம் நடக்கிறது. அவள் ஒரு கதை சொல்ல விரும்புவாள், ஒரு தோடம்பழத்தைப் பாதியாகப் பிய்த்துத் தர விரும்புவாள். அதை நீங்கள் வாங்க மாட்டீர்கள் என்று பயப்படுகிறார்."

பஸ் தரிப்பிடம் வரைக்கும் அக்காவோடு நடந்தேன். அந்த நிறுவனம் நாற்பது வயதுக்கு மேல் ஆட்களை எடுக்காது. அவருக்கு நாற்பது ஆவதற்கு முன் இன்னும் ஒரேயொரு இன்டர்வியூதான் இருந்தது.

"ஏன் அக்கா இவ்வளவுக்குப் போக வேணும்?"

"இருபது வருசமாப் பின்வாசல்லயே நிக்கிறேன் தங்கச்சி. ஒருக்காவாவது முன்வாசலால எங்கயாவது போகணும்" என்றார். அவர் குரல் உடைந்ததை அன்றைக்குத்தான் கேட்டேன்.

மழைக்காலம் வந்தது. இன்டர்வியூவுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அக்கா வகுப்புக்கு வரவில்லை. டெங்கு. கொட்டாஞ்சேனையில் ஒரு லேனுக்குள் மேல்மாடியில் ஒற்றை அறை. தாய் செத்துப் பல வருடம், தனியாள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் இரத்தம் பரிசோதிக்கச் சொல்லி வீட்டுக்கு அனுப்பியிருந்தார்கள். இரண்டாம் நாளும் நான் அம்மாவின் கஞ்சியோடு பஸ் ஏறினேன்.

வாசலில் ஒரு குலை செவ்விளநீர் கிடந்தது. மாம்பழத்தோடு நின்ற அந்த லொறிக்கார இளைஞன்தான் வைத்துவிட்டுப் போயிருந்தான். கதவைத் தட்டினால் திருப்பி அனுப்பிவிடுவார் என்று அவனுக்குத் தெரிந்திருக்கிறது. உள்ளே மேசையில் பக்கத்து வீட்டு முஸ்லிம் அக்கா கொடுத்த சூப்புக் கிண்ணம், சென்செய்யின் பிளாஸ்டிக் பெட்டி, நான் முதல்நாள் விட்டுப்போன எங்கள் பாத்திரம். அக்கா கட்டிலில் கிடந்து அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்கள் பளபளவென்று இருந்தன.

"தங்கச்சி, மூணு பாத்திரம் நிக்குது."

"நிக்கட்டும் அக்கா."

"பாவம், நின்டுகொண்டே இருக்கு. கால் நோகும்."

காய்ச்சல் பேச்சு என்று நினைத்துச் சிரித்தேன். எனக்கு அவ்வளவு புத்தி. நான் குழாயடியில் தம்ளர் கழுவிக்கொண்டிருக்கும்போது எழுந்து போய் ஏதோ செய்தார். நான் புறப்படும்போது எங்கள் பாத்திரத்தை மூடி இறுக்கித் தந்தார். வழக்கம்போல் கனமாக இருந்தது. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, மழைத்தண்ணீர் வழியும் கண்ணாடியைப் பார்த்தபடி பாதித் தூக்கத்தில் வந்தேன். ஒவ்வொரு குலுக்கலுக்கும் உள்ளே ஏதோ கலகலத்தது. பிஸ்கட் என்று எண்ணிக்கொண்டேன்.

அம்மா மூடியைத் திறந்தார். உள்ளே ஒன்பது உடுப்புக் கிளிப்புகள். சிவப்பு, நீலம், பச்சை.

அம்மா முதலில் சிரித்தார். பிறகு ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். ஒன்பதாவதை வைக்கும்போது சிரிப்பு இல்லை.

"இது தேசிக்காய்கூட இல்லையெண்டு வச்சது இல்லை. இது காய்ச்சல் தலைக்கு ஏறி வச்சது. செருப்பைப் போடு."

"அம்மா, இப்பதானே நான் பார்த்திட்டு வாறன்."

"நீ பார்த்தனி. செருப்பைப் போடு எண்டுறன்."

கொழும்புக்கு வந்து ஐந்து வருடத்தில் வெள்ளவத்தைக்கும் பம்பலப்பிட்டிக்கும் அப்பால் போகாத அம்மா, ஓட்டோவில் கொட்டாஞ்சேனை வரைக்கும் என் கையை விடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அக்கா கட்டிலில் இல்லை. மேசைக்குக் கீழே நிலத்தில் சாய்ந்து கிடந்தார். மடியில் பக்கத்து வீட்டுச் சூப்புக் கிண்ணம், அதற்குள் மிச்சக் கிளிப்புகள். பல் முரசிலிருந்து இரத்தம் கசிந்து தாடையில் காய்ந்திருந்தது.

அம்மா அவரை முதன்முதலாகப் பார்த்தது அப்படித்தான். பக்கத்து வீட்டுக்காரர் தூக்கிவந்து ஓட்டோவில் ஏற்றினார். ஆஸ்பத்திரியில் டாக்டர், "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால்" என்று தொடங்கினார். மிச்சத்தை அம்மா கேட்கவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பிவிட்டார்.

அடுத்தநாள் பின்னேரம் அக்காவின் கட்டிலுக்கு மேலே ஒரு பை தொங்கியது. இரத்தம் என்றால் சிவப்பு என்று நினைத்திருந்தேன். அது இளம் மஞ்சள். பிளேட்லெட் என்றார்கள். அம்மா மெதுவாக, "மாம்பழச்சாறு மாதிரி இருக்கு" என்றார். வார்ட் முழுக்க வெள்ளை நுளம்பு வலைகள் காற்றில் அசைந்தன. எல்லோரும் தண்ணீருக்கடியில் படுத்திருக்கிறார்கள் என்று எனக்குத் தோன்றியது. அக்கா கண்ணைத் திறந்து பையைப் பார்த்தார்.

"இது யாரோடது?" என்று தாதியிடம் சிங்களத்தில் கேட்டார்.

"தெரியாது அக்கா. யாரோ குடுத்தது."

"பேர் எழுதியிருக்காதா?"

"இல்லை."

தாதி போய்விட்டார். அக்கா என் பக்கம் திரும்பினார். அவருடைய கை கட்டில் விரிப்பில் எதையோ தேடியது. கைப்பை அலுமாரிக்குள் இருந்தது.

"அப்ப எந்தப் பாத்திரத்தில திருப்பி அனுப்புறது தங்கச்சி?"

அம்மா அவருடைய காலைத் தடவிக்கொண்டு, "பேசாமக் கிட பிள்ளை. அது உனக்குத்தான்" என்றார்.

அக்கா அழுதார். ஊசி நோகிறதாக்கும் என்று நான் பார்த்தேன். அதில்லை. ஒவ்வொரு துளியாக இறங்கி, பை ஒட்டி மடியும்வரைக்கும் அவர் அதைப் பார்த்துக்கொண்டே கிடந்தார். ஒருவர் ஒன்றை அப்படி வாங்கி நான் கண்டதில்லை. இடையில் தூக்கம் வந்தபோது உதடு அசைந்தது. குரெரு, மொராவு, இததாக்கு. வகுப்பில் நாங்கள் சேர்ந்து சொன்ன ராகத்திலேயே சொன்னார். சென்செய்யின் ரயில் அதற்குள் ஓடியிருக்க வேண்டும், நடுவில் ஒருமுறை நிறுத்திக் காத்திருந்துவிட்டுத் தொடர்ந்தார்.

வீட்டுக்கு வந்த பிறகு மூன்று கிழமை அம்மாவின் சமையல்தான். பாத்திரத்தை அங்கேயே விடு, வேறொன்றில் கொண்டுபோய் அதற்குள் மாற்று என்று எனக்குக் கட்டளை. அக்கா மறுக்கவில்லை. சாப்பிட்டார். நான் புறப்படும்போது கைப்பையைப் பார்ப்பார், பிறகு யன்னலைப் பார்ப்பார். அது அவருக்கு டெங்குவை விடக் கஷ்டமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

இரண்டாவது இன்டர்வியூவுக்கு எலும்பும் தோலுமாக வந்தார். நான் கீழே தையற்கடையில், துணிக் கட்டுகளுக்கு நடுவே காத்திருந்தேன். நடந்ததைச் சென்செய் பிறகு சொன்னார். அதே வெள்ளைத்தலை மனிதர், அதே கேள்வி. அக்கா கிளிப்புகளைப் பற்றிச் சொன்னாராம். உடுப்புக் கிளிப்புக்கு ஜப்பான் சொல் தெரியாமல் எழுந்து விரலால் சட்டையைக் கவ்விக் காட்டினாராம். மஞ்சள் பையைப் பற்றிச் சொல்லும்போது படித்த சொற்களையெல்லாம் ஒன்றோடொன்று குழப்பிவிட்டாராம். நடுவில் ரயில் வந்திருக்கிறது. அக்கா நிறுத்தினார், அந்தப் பக்கத்தில் அவரும் காத்திருந்தார். ரயில் போன பிறகு அக்கா, "யாரென்று தெரியாது. திருப்பிக் கொடுக்கவில்லை. இன்னும் என்னிடம்தான் இருக்கிறது" என்று முடித்தார். அந்த மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாராம். அக்கா தெரிவானார்.

பயணத்துக்கு முதல்நாள் காலையில் முதன்முறையாக எங்கள் பிளாட்டுக்கு வந்தார். நான்கு மாடி ஏறி மூச்சு வாங்கியது. பழுப்புக் கைப்பையிலிருந்து எங்கள் பாத்திரத்தை எடுத்து அம்மாவிடம் இரண்டு கையாலும் நீட்டினார். நான்தான் வாங்கினேன், ஒன்றரை வருடப் பழக்கம். தூக்கிய கை மேலே போய்விட்டது, அவ்வளவு லேசு. திறந்து பார்த்தேன். பளிச்சென்று மினுக்கியிருந்தது. உள்ளே ஒன்றுமில்லை.

"அன்ரி, ஒண்ணும் வைக்கல" என்றார் அக்கா. முகம் சிவந்து, பரீட்சை முடிவுக்கு நிற்கும் பிள்ளைபோல நின்றார். கை ஒருமுறை டொபி உறைப் பக்கம் போனது. பாதி வழியில் நின்றது.

அம்மா என்னிடமிருந்து பாத்திரத்தை வாங்கி, உள்ளே பார்த்து, மூடினார். கண் நிறைந்துவிட்டது, ஆனால் குரலை மாற்றவில்லை.

"சாப்பிட்டியோ பிள்ளை?"

"இல்ல அன்ரி."

"அப்ப ஏன் நிக்கிறாய்? வந்து இரு."

புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும். அக்கா இரண்டாம் தரமும் போட்டுச் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைக் கழுவினார். சாப்பிட்ட கோப்பையைக் கழுவாமல் மேசையில் அப்படியே விட்டுவிட்டு எழுந்து பல்கனிக்குப் போனார். அங்கே கொடியில் அம்மாவின் சேலை காய்ந்துகொண்டிருந்தது. சிவப்பு, நீலம், பச்சைக் கிளிப்புகள்.

"அன்ரி, அது என்ட கிளிப்புகள் தானே?"

"ஓம். தரமாட்டன்" என்றார் அம்மா.

அக்கா சிரித்தார். பிறகு அம்மா பயற்றம் பணியாரப் பொதி ஒன்றை நீட்டினார், வழியில் சாப்பிட. அக்கா அதை வாங்கிக் கைப்பைக்குள் வைத்து, சிப்பை இழுத்து மூடி, போய்ட்டு வாறன் என்று மட்டும் சொல்லிப் படியிறங்கினார்.